டான்சில் ஆபரேஷன்: ஒரு ராத்திரி ஐசியூ அவசியமா, பில்லை ஏற்றுகிறார்களா?

நொய்யல்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படிக்க மட்டும்தான் வந்துகொண்டிருந்தேன். இப்போது எனக்கே கேள்வி வந்துவிட்டது.

என் மகனுக்கு வருகிற தை மாதம் மூன்று வயது முடிகிறது. ஒரு வயதிலிருந்தே குறட்டை. "அப்பாவை உரிச்சு வெச்சிருக்கான்" என்று சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துத்தான் தூங்குகிறான். குறட்டை திடீரென்று நின்றுபோகும். நெஞ்சுக்குழி மட்டும் உள்ளே இழுக்கும், சத்தமே இருக்காது. அப்புறம் உடம்பையே உலுக்கிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு. தலையணை வேர்வையில் நனைந்திருக்கும்.

கோயம்புத்தூரில் ஸ்லீப் ஸ்டடி, அதாவது ராத்திரி தூங்கும்போது மூச்சையும் ஆக்ஸிஜனையும் பதிவு செய்யும் டெஸ்ட், எடுத்தோம். ஏஎச்ஐ 22, தூக்கத்தில் ஆக்ஸிஜன் குறைந்தபட்சம் 76 சதவீதம் வரை இறங்கியதாக ரிப்போர்ட். டான்சில், மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதை இரண்டையும் எடுக்க வேண்டும் என்கிறார் இஎன்டி டாக்டர். சரி என்றுதான் இருந்தோம். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஒரு இரவு குழந்தைகள் ஐசியூவில் வைக்க வேண்டும், படுக்கை உறுதியானால்தான் தேதி கொடுப்பேன் என்கிறார். இன்னொரு ஆஸ்பத்திரியில் விசாரித்தால் "காலையில் வாங்க, சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று சொல்கிறார்கள். வீட்டில் ஐசியூ என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து மாமியார் சாப்பிடவே இல்லை.

யாரை நம்புவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐசியூ என்றாலே தனி மீட்டர் ஓடும். என் அக்கா பையனுக்கு ஏழு வயதில் இதே டான்சில் ஆபரேஷன். காலையில் போனான், ராத்திரி வீட்டில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டு கார்ட்டூன் பார்த்தான். காப்பீடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சில இடங்களில் அறையைக்கூட மாற்றிப் போடுவார்கள். இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதுவும் இல்லை, டான்சில் வயது ஆக ஆகத் தானாகச் சுருங்கும், காத்திருந்தும் பார்க்கலாம்.

மயக்கும்_மருத்துவர்

நான் மயக்க மருந்து டாக்டர், பெரும்பாலும் குழந்தைகள் தியேட்டரில்தான் வேலை. கணக்குப்பிள்ளை சாரின் சந்தேகம் நியாயமானது. ஆனால் அவர் அக்கா பையனும் இந்தக் குழந்தையும் ஒன்றல்ல.

ஏஎச்ஐ என்பது தூக்கத்தில் மணிக்கு எத்தனை தடவை மூச்சு முழுதாகவோ பாதியாகவோ அடைபடுகிறது என்ற கணக்கு. குழந்தைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிப்போம். பத்தைத் தொட்டால் தீவிரம். அமெரிக்க இஎன்டி டாக்டர்கள் சங்கம் 2019ல் புதுப்பித்த வழிகாட்டுதலில், டான்சில் எடுத்த குழந்தை மூன்று வயதுக்குக் கீழே இருந்தாலோ, தூக்க மூச்சடைப்பு தீவிரமாக இருந்தாலோ, அதாவது ஏஎச்ஐ 10ம் அதற்கு மேலும் அல்லது ஆக்ஸிஜன் 80க்குக் கீழே, ஆஸ்பத்திரியில் இரவு தங்க வைத்துக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். உங்கள் மகன் வயது, ஏஎச்ஐ, ஆக்ஸிஜன் மூன்றிலுமே அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறான். ஏழு வயது, ஆரோக்கியமான பையன், அடிக்கடி தொண்டைவலி என்பதற்காக டான்சில் எடுத்தான் என்றால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். அதில் தப்பே இல்லை.

அடைப்பை எடுத்தபிறகு ஏன் பயம் என்று கேட்பீர்கள். ஆபரேஷன் முடிந்த முதல் இரவே அடைப்பு சரியாகிவிடாது. வெட்டிய இடம் வீங்கும், கொஞ்சம் ரத்தமும் எச்சிலும் சேரும், மயக்க மருந்தின் மிச்சம் தொண்டைத் தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரி ஆக்ஸிஜன் இறங்கிப் பழகிய மூளை, மூச்சு குறைந்தால் உடனே விழித்து எழுப்பாது. இது ஒரே நாளில் மாறாது. அரிதாக, நீண்டநாள் அடைப்பு சட்டென்று விலகியதும் நுரையீரலில் நீர் கோர்ப்பதும் உண்டு.

இன்னொன்று வலி மருந்து. தூக்கத்தில் ஆக்ஸிஜன் 85க்குக் கீழே இறங்கும் குழந்தைகளுக்கு மற்றவர்களுக்குத் தேவைப்படும் மார்ஃபினில் பாதியே போதும் என்று மான்ட்ரியாலில் செய்த ஆய்வு காட்டியது. வழக்கமான அளவைக் கொடுத்தால் அந்தக் குழந்தைக்கு அது கூடுதல் மருந்து, மூச்சு மந்தமாகும். வலிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் கோடீன் என்ற மருந்தின் கதை இதைவிட மோசம். கோடீன் உடம்புக்குள் போய்த்தான் மார்ஃபினாக மாறுகிறது. சில குழந்தைகளின் கல்லீரல் அதை அதிவேகமாக மாற்றிவிடும். டான்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய் கோடீன் சாப்பிட்ட குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோன பிறகு, 2013ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. 2017ல் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கோடீன், டிரமடால் இரண்டும் கூடாது என்றே சொல்லிவிட்டது. இருமல் சிரப்பில்கூட கோடீன் இருக்கலாம், பாட்டிலைப் படித்துப் பாருங்கள்.

"தானாகச் சுருங்கும்" என்பதற்கும் ஒரு பதில். ஐந்திலிருந்து ஒன்பது வயதுள்ள 464 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2013ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் ஸ்லீப் ஸ்டடி சரியானது. ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம். ஆகக் காத்திருப்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் ஆக்ஸிஜன் மோசமாக இறங்கும் குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. 76 வரை இறங்கும் பிள்ளையை அந்தக் கணக்கில் போட்டுக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

மாமியாரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: ஐசியூ என்றால் வென்டிலேட்டர் என்று அர்த்தமில்லை. இப்படிப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அதிகபட்சம் கொஞ்சம் ஆக்ஸிஜன், தலையைத் திருப்பிப் படுக்க வைப்பது, தேவைப்பட்டால் மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாய். அவ்வளவுதான். அங்கே போவதே பக்கத்தில் கண் கொட்டாமல் ஒரு ஆள் இருப்பதற்காக.

இரவுப்_பணி

நான் குழந்தைகள் ஐசியூவில் நர்ஸ். டாக்டர் சொன்னதோடு சேர்த்து, அந்த இரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன் அக்கா.

காலின் பெருவிரலில் சிவப்பு வெளிச்சம் வரும் ஒரு சின்ன கிளிப்போ ஒட்டும் பட்டையோ சுற்றுவோம். பிள்ளைகள் அதைப் பிடுங்குவதில்தான் குறியாக இருப்பார்கள், அதனால் மேலே சாக்ஸ் போட்டுவிடுவோம். வீட்டிலிருந்து பழைய சாக்ஸ் ஒன்று கொண்டு வாருங்கள். நெஞ்சில் மூன்று ஸ்டிக்கர். கையில் ஊசிக்குழாய், அதையும் துணி சுற்றி மறைத்துவிடுவோம். மல்லாக்கப் படுக்க விடமாட்டோம். ஒருக்களித்து, வாய் கொஞ்சம் கீழே பார்க்கிற மாதிரி.

விடியற்காலையில்தான் கனவுத் தூக்கம் நீளும். தசைகள் தொய்ந்து அடைப்பு கூடும் நேரமும் அதுதான். மானிட்டரில் 96, 95 என்று நிற்பது 88, 85 என்று இறங்கும். பெரும்பாலும் தாடையை லேசாக முன்னால் தூக்கிப் பிடித்தாலே போதும், மூச்சு தடையில்லாமல் உள்ளே போய்விடும். இதை வார்டில் நாற்பது நோயாளிக்கு ஒரு சிஸ்டர் இருக்கும் இடத்தில் யார் பார்ப்பது?

இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள். குழந்தை தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் எனக்கு உடனே டார்ச் வேண்டும். தொண்டையில் ரத்தம் கசிந்தால் சின்னப் பிள்ளைகள் துப்பமாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

வைகைக்காரன்

ஐசியூ எல்லாம் அப்புறம், முதலில் ஆபரேஷன் நடக்கட்டும். என் மகளுக்கு நான்கு வயது, அடினாய்டு. விடியற்காலை பஸ் பிடித்து மதுரைக்கு வந்து, பிள்ளையைப் பட்டினி போட்டு, பச்சை கவுன் மாட்டி உட்கார வைத்தபிறகு மயக்க மருந்து டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு "சளி இருக்கு, இன்னைக்கு வேண்டாம்" என்று போய்விட்டார். விளக்கம் கிடையாது. லீவு போச்சு, சம்பளம் போச்சு. அடினாய்டு இருந்தால் மூக்கு ஒழுகத்தானே செய்யும்? சளி வராமல் இருக்கத்தானே ஆபரேஷனே? எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுத விரும்பவில்லை.

நொய்யல்_அம்மா

ஐயோ, இதைத்தான் அடுத்துக் கேட்க இருந்தேன். நேற்றிலிருந்து இவனுக்கும் மூக்கு ஒழுகுகிறது. லேசான இருமல். எங்களுக்குத் தேதி அடுத்த வாரம் கொடுத்திருக்கிறார்கள். சொன்னால் தள்ளிப் போடுவார்கள், மறுபடி ஐசியூ படுக்கைக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் "சொல்லாம விடு, அவங்களே பாத்துக்கட்டும்" என்கிறார்.

மயக்கும்_மருத்துவர்

சொல்லாமல் விடாதீர்கள். இந்த இழையில் நான் எழுதுவதில் இது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் போதும்.

வைகைக்காரன் சார், விளக்கம் சொல்லாமல் போனது தவறு. உங்கள் கோபம் சரி. விளக்கத்தை நான் சொல்கிறேன்.

குழந்தைக்கு மயக்கம் கொடுக்கும்போது எங்களைப் பயமுறுத்துவது இதயத்தைவிட மூச்சுதான். ஐரோப்பாவில் 33 நாடுகள், 261 ஆஸ்பத்திரிகள், 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மயக்கங்களைத் தொகுத்து 2017ல் ஒரு ஆய்வு வந்தது. கடுமையான சிக்கல்கள் 5.2 சதவீதம். மூச்சு சம்பந்தப்பட்டவை மட்டும் 3.1, இதயம், ரத்த ஓட்டம் 1.9. சின்னப் பிள்ளையின் உடம்பு கையிருப்பு குறைவாகவும் செலவு அதிகமாகவும் உள்ள குடும்பம் மாதிரி. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கைக்குழந்தை பெரியவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்ஸிஜன் செலவழிக்கிறது. நுரையீரலில் மிச்சம் நிற்கும் காற்றோ மயக்கத்தில் இன்னும் சுருங்கிவிடும். முழு ஆக்ஸிஜன் நிரப்பிய பிறகும், மூச்சு நின்றால் ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சுமார் ஒன்றரை நிமிடம்தான் தாக்குப் பிடிக்கும். பெரியவருக்கு அதைவிடப் பல நிமிடங்கள் கூட.

குழாயின் அளவையும் பாருங்கள். நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள மூச்சுக்குழாயின் உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம். பரப்பு கால்வாசியாகிறது, காற்றுக்கான தடை பதினாறு மடங்கு. பெரியவர் குழாயில் அதே வீக்கம் ஒரு தொண்டைக்கமறலோடு போய்விடும்.

சளி பிடித்த குழந்தைக்கு இந்தக் குழாய் ஏற்கெனவே வீங்கி, தொட்டால் சிணுங்குகிற நிலையில் இருக்கிறது. நாங்கள் மூச்சு விட வாய் வழியே ட்யூப் வைக்கும்போதோ எடுக்கும்போதோ ஒரு துளி எச்சில் பட்டால் குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். லாரிஞ்சோஸ்பாஸம் என்போம். நெஞ்சு மேலும் கீழும் போராடும், காற்று துளிகூட உள்ளே போகாது. முகமூடியை அழுத்தி வைத்து நூறு சதவீத ஆக்ஸிஜனை அழுத்தத்தோடு கொடுப்போம். விடாவிட்டால் மயக்கத்தை ஆழமாக்குவோம், அதற்கும் மசியாவிட்டால் தசையைத் தளர்த்தும் ஊசி. பெரும்பாலும் அத்துடன் சரியாகிவிடும். ஆனால் அந்த அரை நிமிடத்தில் ஆக்ஸிஜன் இறங்கும் சத்தம் மானிட்டரில் எப்படித் தாழ்ந்துகொண்டே போகும் என்பது தியேட்டரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 9,297 குழந்தைகளைக் கவனித்து 2010ல் வெளியிட்ட ஆய்வில் 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மூச்சுச் சிக்கல் வந்தது. லேசான இருமலிலிருந்து லாரிஞ்சோஸ்பாஸம் வரை எல்லாம் சேர்த்து. சளி பிடித்து இரண்டு வாரத்துக்குள் செய்தவர்களுக்கு ஆபத்து கூடியது. இரண்டிலிருந்து நான்கு வாரம் தள்ளிச் செய்தவர்களுக்குக் கூடவில்லை. அதோடு சேர்த்து, ஓடினால் வீசிங், இரவில் வறட்டு இருமல், ஒரு வருஷத்துக்குள் பல தடவை வீசிங், தோலில் எக்ஸிமா, குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஆஸ்துமா அல்லது அலர்ஜி, வீட்டில் சிகரெட் புகை, இவையும் ஆபத்தைக் கூட்டின. நாங்கள் முதல்நாள் இதையெல்லாம் கேட்பது வம்பு பேச அல்ல.

அடினாய்டு குழந்தைக்கு மூக்கு எப்போதும் ஒழுகும் என்பது எங்களுக்கும் தெரியும். தெளிந்த நீர் மாதிரி ஒழுகல், காய்ச்சல் இல்லை, ஓடியாடுகிறான், நெஞ்சு சுத்தம் என்றால் அனுபவமுள்ள டாக்டர் பெரும்பாலும் செய்துவிடுவார். காய்ச்சல், சளி கட்டிய இருமல், நெஞ்சில் சத்தம், சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளுவோம். வைகைக்காரன் சார் மகளுக்கு ஸ்டெத்தில் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

நொய்யல் அம்மா, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். பஸ் ஏறி வந்து திரும்புவதற்குப் பதில் வீட்டிலிருந்தபடியே தள்ளிப் போவது மேல். வீசிங் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டான்சில் எடுக்கப் போகும் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மயக்கத்துக்கு முன் சால்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்துப் பார்த்த பெர்த் ஆய்வில் மூச்சுச் சிக்கல் 48 சதவீதத்திலிருந்து 28ஆகக் குறைந்தது. ஒரு சாதாரண நீல பம்ப்.

தூதுவளை

கண்ணு, டாக்டர் சொல்றது எல்லாம் சரிதான். பிள்ளைக்குச் சளி இருக்கும்போது கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிஞ்சு தேன் விட்டுக் கொடு, இதமா இருக்கும். ஆனா ஒண்ணு, ஆபரேஷன் அன்னைக்குக் காலையில பட்டினி போடறது பாவமா இருக்குது. என் பேரனுக்கு ஆபரேஷன் மதியம் வரைக்கும் தள்ளிப்போய், பச்சைத் தண்ணிகூடக் குடுக்கல. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிடுச்சு.

இரவுப்_பணி

பாட்டி, கற்பூரவல்லி சளி நாளில் சரி, ஆபரேஷன் அன்று காலையில் மட்டும் வேண்டாம்.

பட்டினி விஷயத்தில் பாட்டி சொல்வதில் நியாயம் உண்டு. நள்ளிரவிலிருந்து ஒன்றும் கூடாது என்பது பழைய வழக்கம். சோறு, பிஸ்கட் என்றால் ஆறு மணி நேரம். தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்திருந்ததை ஐரோப்பிய வழிகாட்டுதல் 2022ல் மூன்றாகக் குறைத்துவிட்டது. பால் சேராத தண்ணீர், வடிகட்டிய ஜூஸ் இரண்டு மணி நேரம் முன்வரை கொடுக்கலாம், அங்கே இப்போது ஒரு மணி நேரம் வரைகூட விடுகிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் என்ன கணக்கு என்று முதல்நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஆபரேஷன் தள்ளிப்போனால் "தண்ணி குடுக்கலாமா சிஸ்டர்" என்று வாய் திறந்து கேளுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

ஆனால் சொன்ன நேரத்துக்குமேல் ஒரு வாய்கூடக் கூடாது. எங்கள் வார்டில் பிள்ளை அழுகிறான் என்று பாசத்தில் முந்தானைக்குள் பிஸ்கட் வைத்து ஊட்டிவிட்ட பெரியவர்கள் உண்டு. மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் அப்புறம் உண்மையாகவே வென்டிலேட்டர்தான். ஊட்டிவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்வோம்.

பனங்கூடல்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். டான்சில் கதை இல்லை, ஆனால் கேட்க வேற இடம் தெரியேல்லை. என்ர மகன் முப்பது கிழமையில பிறந்தவன், இன்குபேட்டரில கனநாள் வைச்சிருந்தவை. இப்ப கவட்டுப் பக்கம் ஹெர்னியா, அழேக்க வீங்குது. சத்திரசிகிச்சை செய்யவேணும் எண்டு டொக்டர் சொல்லுறார். சின்ன வேலைதான், ஆனால் ஒரு இரவு கட்டாயம் மானிட்டரோட வைக்கவேணும், மூச்சு நிக்கக்கூடும் எண்டும் சொன்னவர். பிறந்து மூண்டு மாதத்துக்குக் கிட்ட. நல்லாப் பால் குடிக்கிறான், நிறையும் கூடியிருக்கு. ஏன் மூச்சு நிக்கவேணும்?

மயக்கும்_மருத்துவர்

அம்மா, உங்கள் டொக்டர் சரியாகத்தான் சொல்கிறார். பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள். முப்பதோடு பிறந்த பிறகான கிழமைகளைக் கூட்டினால் நாற்பத்திரண்டை ஒட்டி வருகிறது. முழுமாதத்தில் பிறந்த குழந்தையோடு ஒப்பிட்டால் பிறந்து இரண்டு மூன்று கிழமையான சிசு.

மூச்சு விடு என்று உத்தரவு போடும் மூளைத்தண்டுப் பகுதி முதிரவே நாள் எடுக்கும். மயக்க மருந்து அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால், அன்றிரவு சில வினாடிகள் மூச்சு நின்றுபோகலாம், கூடவே நாடி இறங்கலாம். குறைமாதத்தில் பிறந்து ஹெர்னியா ஆபரேஷன் செய்த 255 குழந்தைகளின் விவரங்களைப் பல ஆய்வுகளிலிருந்து ஒன்றாகச் சேர்த்து 1995ல் ஒரு அலசல் வந்தது. எவ்வளவு முன்னதாகப் பிறந்ததோ, ஆபரேஷன் அன்று எவ்வளவு இளசோ, அவ்வளவு ஆபத்து கூடும் என்று அது காட்டியது. ரத்தசோகையும் ஆபத்தைக் கூட்டுகிறது. மகனின் ஹீமோகுளோபினைக் கேட்டு வையுங்கள். இதனால்தான் பல இடங்களில் குறைமாதக் குழந்தை இந்தக் கணக்கில் அறுபது கிழமையைத் தாண்டும்வரை, எவ்வளவு சின்ன ஆபரேஷன் என்றாலும் இரவு மானிட்டரோடு வைத்திருக்கிறார்கள்.

முழு மயக்கம் இல்லாமல், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யவும் முடியும். இரண்டையும் ஒப்பிட்டு ஏழு நாடுகளில் 722 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், முதல் அரைமணி நேரத்தில் மூச்சு நிற்பது முதுகு ஊசி போட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது. அதற்குப் பிந்தைய மணிநேரங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் எந்த முறையானாலும் மானிட்டர் தேவைதான். அதே குழந்தைகளை ஐந்து வயதில் பரிசோதித்து 2019ல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைவான முழு மயக்கம் புத்தி வளர்ச்சியைப் பாதிக்கவில்லை. இந்தப் பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன்.

காஃபீன் கொடுப்பதும் உண்டு. காப்பியில் இருக்கும் அதே பொருள்தான், மூச்சைத் தூண்டும். கொடுப்பதா என்பதை உங்கள் டொக்டர் முடிவு செய்வார்.

ஹெர்னியாவைத் தள்ளிப்போடுவதிலும் ஆபத்து உண்டு. குடல் சிக்கினால் அவசர ஆபரேஷன். வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி நின்று, பிள்ளை வாந்தி எடுத்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

பனங்கூடல்

நன்றி டொக்டர். இரத்தம் பார்த்த அறிக்கையை நாளைக்கு கேட்கிறன். இன்குபேட்டரில இருக்கேக்கையும் காஃபீன் குடுத்தவை, அப்ப ஏன் எண்டு விளங்கேல்லை.

கணக்குப்பிள்ளை

டாக்டர், ஏற்றுக்கொள்கிறேன், அந்தக் குழந்தைக்குக் கண்காணிப்பு வேண்டும். ஆனால் என் கேள்வி நிற்கிறது. கண்காணிப்பு என்றால் ஐசியூதானா? மழைக்காலத்தில் டெங்குவும் நிமோனியாவுமாகக் குழந்தைகள் ஐசியூ எங்கும் நிரம்பிக் கிடக்கும்போது, டான்சில் பிள்ளைக்கு ஒரு படுக்கை என்றால் இன்னொரு பிள்ளைக்கு இல்லை என்றுதானே? ஸ்லீப் ஸ்டடி எடுக்க வசதியில்லாத ஊரில் என்ன செய்வார்கள்?

மயக்கும்_மருத்துவர்

இப்போதுதான் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். வழிகாட்டுதல் சொல்வது இரவு தங்கலும் கண்காணிப்பும். எல்லோருக்கும் ஐசியூ என்று அது சொல்லவில்லை. தொடர்ந்து ஆக்ஸிஜன் மானிட்டர், கூப்பிட்டால் உடனே வரும் டாக்டர், ஓரிரு குழந்தைக்கு ஒரு நர்ஸ். இவை ஐசியூவுக்கு ஒருபடி கீழே உள்ள ஹெச்டியூவில் இருந்தால் அதுவே போதும். நம் ஊரில் பல ஆஸ்பத்திரிகளில் அந்த நடுப்படியே கிடையாது. ஒன்று வார்டு, இல்லாவிட்டால் ஐசியூ. அதனால்தான் இந்தக் குழப்பம், அதனால்தான் பில்லும்.

சில இடங்களில் ரெக்கவரி அறையிலேயே இரண்டு மூன்று மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். வெளி ஆக்ஸிஜன் இல்லாமல், குழந்தை தூங்கும்போதும் அளவு இறங்கவில்லை என்றால் மானிட்டரோடு வார்டு. இறங்கினால் ஐசியூ. மூன்று வயதைத் தாண்டிய, ஓரளவு அடைப்புள்ள குழந்தைக்கு எனக்கு இந்த வழி பிடிக்கும். டவுன் சிண்ட்ரோம், முக எலும்பு வளர்ச்சிக் குறை, தசை பலவீனம், அதிக உடல்பருமன், இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும், இங்கே கேட்ட மாதிரி 76 வரை இறங்கும் சின்னப் பிள்ளைக்கும் நான் முன்கூட்டியே படுக்கை கேட்பேன்.

ஸ்லீப் ஸ்டடி இல்லாத ஊரில் இரவு முழுக்க விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பதிவு எடுத்தாலே பாதி தெரிந்துவிடும். அதுவும் இல்லையா, குழந்தை தூங்கும்போது சட்டையைக் கழற்றி, நெஞ்சு தெரிகிற மாதிரி செல்போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து வாருங்கள். நூறு கேள்விகளைவிட எனக்கு அது உதவும்.

கணக்குப்பிள்ளை

ஹெச்டியூ விஷயம் புதிது. அப்படியென்றால் பெற்றோர் கேட்க வேண்டியது "ஐசியூ வேண்டுமா" என்பது அல்ல. "எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு நேரம், ஹெச்டியூ இருக்கிறதா, எந்த நிலையில் வார்டுக்கு மாற்றுவீர்கள்" என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு உதவி மேசையில் ஐசியூ செலவு சேருமா என்று முன்னாலேயே கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் சண்டைதான் மிச்சம்.

சிராங்கூன்_அப்பா

சிங்கப்பூரிலிருந்து. சிகரெட் புகை பற்றி டாக்டர் ஒரு வரியில் தாண்டிவிட்டார். பால்கனியில் நின்று குடித்தால் பரவாயில்லையா?

மயக்கும்_மருத்துவர்

சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும் சார். வீட்டுக்கு வெளியே குடிப்பது உள்ளே குடிப்பதைவிட மேல், குடிக்காமல் இருப்பது அதைவிட மேல். ஆபரேஷன் தேதி குறித்த அன்றே நிறுத்தினால் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு ஆறுவதற்குக் கொஞ்சம் நாள் கிடைக்கும்.

நொய்யல்_அம்மா

எல்லோருக்கும் ஒரு தகவல். அன்றே போன் போட்டேன். மறுநாள் காய்ச்சல் வந்துவிட்டது, இஎன்டி டாக்டரே தள்ளி வைத்தார். சளி நன்றாக விட்டபிறகு போன வாரம் ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்காரர் அதுவரை பீடா கடைப் பக்கமே போகவில்லை என்கிறார், நம்பியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்து பதில் சொன்னார். அங்கே ஹெச்டியூ இல்லையாம், அதனால் ஐசியூதான். மறுநாள் காலை சுற்றுக்கு வரும்போது வெளி ஆக்ஸிஜன் இல்லாமல் தூங்கி, தண்ணீர் குடித்தால் வார்டு என்றார். இரவில் அளவு இரண்டு மூன்று தடவை எண்பதுகளுக்கு இறங்கியது. சிஸ்டர் தாடையைத் தூக்கிப் பிடித்தார், கொஞ்ச நேரம் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார். இரவுப்பணி சிஸ்டர் சொன்னபடி சாக்ஸ் கொண்டுபோனது ரொம்ப உதவி. காலையில் இட்லியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஜவ்வரிசிக் கஞ்சி இறங்கியது.

இப்போது வீட்டில் இருக்கிறோம். வாய் நாறுகிறது, தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சீழா? இன்னும் எத்தனை நாள் பயப்பட வேண்டும்? குறட்டை பாதி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

இரவுப்_பணி

வெள்ளைப் படலம் சீழ் இல்லை அக்கா, புண் ஆறும்போது அப்படித்தான் படியும், நாற்றமும் அதனால்தான். சுரண்டிவிடாதீர்கள். அது உரியும் நாட்கள், ஏறக்குறைய ஐந்திலிருந்து பத்தாம் நாள்வரை, ரத்தம் வரலாம். எச்சிலில் ஒரு கோடு என்றால் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். சிவப்பாக ரத்தம் வந்தாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ யோசிக்காமல் எமர்ஜென்சி. இரண்டு வாரம் வெளியூர்க் கல்யாணம், திருவிழா எதற்கும் கூட்டிப் போகாதீர்கள்.

வலிக்கு டாக்டர் எழுதிய பாராசிட்டமால், இபுபுரூஃபன் நேரத்துக்குக் கொடுங்கள், அழுதால்தான் கொடுப்பது என்று வைக்காதீர்கள். வலித்தால் விழுங்கமாட்டான், விழுங்காவிட்டால் தொண்டை காய்ந்து இன்னும் வலிக்கும். பக்கத்து மெடிக்கலில் தூங்க வைக்கிற சிரப் ஏதாவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

மயக்கும்_மருத்துவர்

குறட்டை முழுதாகப் போக வீக்கம் வற்ற வேண்டும், சில வாரம் ஆகும். ஆனால் ஏஎச்ஐ 22ல் தொடங்கிய குழந்தைக்கு மிச்ச அடைப்பு இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று மாதம் கழித்து ஸ்லீப் ஸ்டடியை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. அதுவரை தூங்கும்போது மூச்சு நிற்பதைப் பார்த்தால் வீடியோ எடுத்து வையுங்கள்.

வைகைக்காரன்

டாக்டர், என் மகளுக்கு இப்போது சளி இல்லை, ஆனால் ஓடினால் இருமுகிறாள். அடுத்த தேதி வாங்கலாமா?

மயக்கும்_மருத்துவர்

தேதி வாங்குவதற்கு முன் குழந்தைகள் டாக்டரிடம் அந்த இருமலைக் காட்டுங்கள் சார். ஆஸ்துமா என்றால் சில வாரம் இன்ஹேலர் போட்டுக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு அப்புறம் தேதி. ஆபரேஷன் அன்று காலையிலும் பம்பை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.